துரோகம் என்று எழுதுவதற்கு முன்

சென்ற நவம்பரில், வ.உ.சிதம்பரனாரின் நினைவு நாளையொட்டி ஒரு கட்டுரை என் மேசைக்கு வந்தது. எழுதியவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன இளைஞர். உழைத்து எழுதியிருந்தார். ஆனால் முதல் பத்தியிலேயே இப்படி ஒரு வரி: "தேசத்துரோகக் குற்றத்துக்காக வ.உ.சி.க்கு 40 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது." சொத்தை இழந்து, கோவைச் சிறையில் செக்கிழுத்தவருக்குத் தேசத்துரோகப் பட்டம்! சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒற்றுப் பிழையா சார்?" என்று கேட்டார்.

கோபம் வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் விட்டது. இதே சொல்லை இதே இடத்தில் இதைவிட மோசமாக எழுதியவன் நான். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பத்திரிகையிலும் பதிப்பகத்திலும் பிறர் எழுத்தைத் திருத்தியே பிழைக்கிறேன். 'துரோகம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி நானும் ஒருமுறை செய்தவைதான். வல்லின 'று' போட்டு எழுதுவது, 'நம்பிக்கை துரோகம்' என்று ஒற்றை விழுங்குவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை மெய்ப்புப் பார்க்கிறவர் பிடித்துவிடுவார். அவர் கண்ணிலும் படாமல் அச்சேறுகிறவை வேறு.

நண்பனை யாரும் துரோகம் செய்வதில்லை

நண்பனுக்குத்தான் செய்வார்கள். இந்தச் சொல் நான்காம் வேற்றுமையைக் கேட்கிற சொல். கட்சிக்குத் துரோகம், ஊருக்குத் துரோகம், உப்பிட்டவருக்குத் துரோகம். "அவன் என்னைத் துரோகம் செய்துவிட்டான்" என்று மொழிபெயர்ப்பு நாவல்களில் வருகிறதே, அது ஆங்கில வினையின் நிழல். தமிழில் ஒருவரை ஏமாற்றலாம், வஞ்சிக்கலாம், கைவிடலாம், காட்டிக்கொடுக்கலாம். துரோகம் மட்டும் ஒருவருக்குத்தான் செய்ய முடியும்.

காட்டிக்கொடுப்பதையும் துரோகத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களும் உண்டு. காட்டிக்கொடுத்தல் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயல். ஒருவன் விரலை நீட்டிக் காட்டுகிறான். இன்னொருவன் வந்து பிடித்துக்கொண்டு போகிறான். தமிழ் விவிலியத்தில் யூதாஸ் செய்தது அச்சு அசலாக அதுவே. "நான் எவனை முத்தஞ்செய்வேனோ அவன்தான்" என்று அடையாளம் சொல்லிவிட்டு வருகிறான். அதனால் மத்தேயுவில் "காட்டிக்கொடுப்பான்" என்ற வினை. அவன் என்ன மாதிரி ஆள் என்று சொல்ல வேண்டிய லூக்காவின் சீடர் பட்டியலிலோ "துரோகியான யூதாஸ்காரியோத்து". செயலுக்கு ஒரு சொல், அந்தச் செயலுக்கான தீர்ப்புக்கு இன்னொரு சொல். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வேறுபாட்டை விடவில்லை. நாம் விட்டுவிட்டோம்.

பகைவனால் துரோகம் செய்ய முடியாது

உறவு இருந்தால்தான் துரோகம். திருடன் திருடுகிறான், எதிரி தாக்குகிறான், போட்டி நிறுவனம் விலையைக் குறைக்கிறது. இவற்றில் எதுவும் துரோகம் ஆகாது. ஒரு பயிற்சிப் பெண், துரோகத்துக்கு எடுத்துக்காட்டாக "தொழுதகை உள்ளும் படைஒடுங்கும்" என்ற குறளை மேற்கோள் காட்டியிருந்தார். அடுத்த சொல்லைப் பாருங்கள் என்றேன்: "ஒன்னார்". பகைவர். கூப்பிய கைக்குள்ளும் ஆயுதம் வைத்திருப்பவன் ஏற்கெனவே பகைவன். நட்பைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறான். அது வஞ்சகம். உண்மையாகவே நண்பனாக இருந்து, பிறகு மாறியவன் செய்வதுதான் துரோகம். 'கூடா நட்பு', 'உட்பகை' என்று வள்ளுவர் தனித்தனி அதிகாரமே வைத்துப் பிரித்திருக்கிறார். நாம் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறோம்.

(எதிரியை மன்னிக்கலாம், துரோகியை மன்னிக்க முடியாது என்ற வசனம் எல்லாக் கட்சி மேடைகளிலும் கேட்கிறது. எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சலிப்பூட்டினாலும் சொல்லிலக்கணப்படி சரியான வசனம்.)

தேசம் வேறு, ராஜா வேறு

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டு. ஒரு மாவட்டப் பதிப்பில் இரவுப் பணி. பக்கம் முடிக்க இருபது நிமிடம் இருந்தபோது ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. சிறு ஊர் ஒன்றில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், அரசைத் திட்டித் துண்டறிக்கை கொடுத்தார் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவில் கைதாகியிருக்கிறார். இரண்டு பத்தி அகலத்துக்குத் தலைப்பு வேண்டும். 'அரசுக்கு எதிராகத் துண்டறிக்கை: ஒருவர் கைது' என்று எழுதிப் பார்த்தேன். இடம் போதவில்லை. அடித்துவிட்டு 'தேசத்துரோகி கைது' என்று போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நல்ல தலைப்பு வைத்துவிட்ட திருப்தியோடு தேநீர் குடிக்கப் போனது இன்றும் நினைவிருக்கிறது.

நான்கைந்து மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகையில் அந்தப் பிரிவையே கைவிட்டார்கள். அதன் பிறகு வழக்கறிஞர் அறிவிக்கை வந்தது. திருத்தம் எழுதும் வேலை என் தலையிலேயே விழுந்தது. ஒன்பதாம் பக்கத்தில், ஏல விளம்பரத்துக்குக் கீழே, நான்கு வரி. அது வெளியான வாரத்தில் அவரே அலுவலகத்துக்கு வந்தார். கடையின் ரசீதுப் புத்தகத்துக்குள் எங்கள் செய்தியைக் கத்தரித்து மடித்து வைத்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறை. சத்தம் போடவில்லை.

"முதல் தகவல் அறிக்கையை வரிக்கு வரி படித்துவிட்டேன் ஐயா. அதில் எங்கேயும் இந்தச் சொல் இல்லை. நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. தன் மகள் பள்ளிக்குப் போகும் வழியில் பையன்கள் அந்தத் தலைப்பைச் சொல்லிக் கத்துகிறார்கள் என்றார். திருத்தத்தை யாராவது படித்தார்களா என்றும் கேட்டார். யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

எங்கிருந்து எடுத்தேன் என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். இந்திய தண்டனைச் சட்டத்தில் 124-ஏ பிரிவு 1870-இல் நுழைக்கப்பட்டது. அதில் தேசம் என்ற பேச்சே கிடையாது. சட்டப்படி அமைந்த 'அரசாங்கத்தின்' மீது வெறுப்பை, அவமதிப்பை, பற்றின்மையைத் தூண்டுவதுதான் குற்றம். அந்தக் கடைசிச் சொல்லை வைத்துக்கொண்டு நீதிமன்றங்கள் பட்ட பாடு ஒரு தனிக் கதை. 1891-இல் கல்கத்தாவில் வங்கபாசி பத்திரிகை மீதான வழக்கில், அது அன்புக்கு எதிரான உணர்வு என்று பொருள் சொன்னார்கள். 1897-இல் பம்பாயில் திலகர் வழக்கை நடத்திய நீதிபதி ஸ்ட்ராச்சி ஒருபடி மேலே போய், அன்பு இல்லாமல் இருப்பதே போதும் என்றார். அரசாங்கத்தின் மேல் அன்பு இல்லாவிட்டால் சிறை! மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தி, அந்தச் சொல் விசுவாசமின்மையையும் எல்லாவிதப் பகை உணர்வையும் உள்ளடக்கும் என்று விளக்கம் சேர்த்தார்கள். 1922-இல் அகமதாபாத் நீதிமன்றத்தில் காந்தி கேட்டது இதைத்தான்: அன்பைச் சட்டம் போட்டு உண்டாக்க முடியுமா? ஆறு ஆண்டு தண்டனை கிடைத்தது.

ஆகவே அந்தக் காலத் தமிழில் இதை ராஜத்துரோகம் என்று சொன்னது பொருத்தமான சொல்லாட்சி. ராஜாவுக்கு விசுவாசம் இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்குத் தீர்ப்பு எழுதியபோது, ராஜத்துரோகத்துக்கு இருபது, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது என்று நாற்பது ஆண்டு நாடு கடத்தல் விதித்தார். பிறகு மேல்முறையீட்டில் அது குறைந்தது. ராஜாவுக்குத் துரோகியாக இருந்ததால்தான் அவர் தேசத்துக்குப் பக்தர். இரண்டு சொற்களையும் மாற்றிப் போட்டால், அவர் எதற்காகச் சிறை போனாரோ அந்தக் காரணமே தலைகீழாகிவிடுகிறது. என் இளைஞரிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. அடுத்த கேள்வியை நன்றாகவே கேட்டார்: "இப்போது ராஜா இல்லையே சார், பிறகு எப்படி எழுதுவது?"

விடுதலைக்குப் பிறகும் அதே பிரிவு தொடர்ந்ததுதான் சிக்கல். ராஜா போனார், ராஜத்துரோகம் போகவில்லை. பத்திரிகைகள் 'ராஜ' என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'தேச' என்று ஒட்டிக்கொண்டன. அரசாங்கத்தைத் திட்டியவர் நாட்டை விற்றவர் ஆனார். 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறையையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டினால்தான் இந்தப் பிரிவு பொருந்தும், அரசாங்கத்தைக் கடுமையாக விமர்சிப்பது மட்டும் குற்றமாகாது என்று வரையறுத்தது. இந்திய அரசாங்கத்துக்கு எதிராகப் போர் தொடுப்பதற்கு 121 என்று தனிப் பிரிவு இருந்தது. அதற்கு மரண தண்டனை வரை உண்டு. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். நான் ஒரு தலைப்பில் அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டேன்.

2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 124-ஏ பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தச் சட்டம் விவாதத்தில் இருந்தபோது, ராஜத்ரோஹத்தை எடுத்துவிட்டுத் தேசத்ரோஹத்தைக் கொண்டுவருகிறோம் என்று இந்தியில் பேசினார்கள். அதைக் கேட்ட நம் பிள்ளைகள் இப்போது 152-ஆம் பிரிவு என்றாலே 'தேசத்துரோக வழக்கு' என்று எழுதுகிறார்கள். அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள். இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்கு ஆபத்து விளைவிக்கும் செயல் என்று இருக்கிறது. துரோகம் இல்லை, துரோகி இல்லை. அமைச்சர் சொன்னால் அமைச்சர் சொன்னதாக எழுதுங்கள். போலீஸ் சொன்னால் போலீஸ் சொன்னதாக எழுதுங்கள். உங்கள் வாயால் சொல்லாதீர்கள். பழைய வழக்குகளுக்கு ராஜத்துரோகம் என்றே எழுதலாம். இன்றைய வழக்குகளுக்குப் பிரிவு எண்ணைச் சொல்லி, என்ன செய்ததாகக் குற்றச்சாட்டு என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும். இடம் போதவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். அந்தக் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்று 'துரோகிகளான' சோமன், ரவிதாசன் முதலானவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் இந்தச் சொல் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அரசாணையில் ஏறியதற்கு அது சான்று. ஆனால் அந்த ஆணை கொலைகாரர்களோடு நிற்கவில்லை. அவர்களுடைய உறவுகளின் உடைமைகள் வரைக்கும் போகிறது. அந்த வாசகத்தைப் படித்தபோது எனக்குக் கல்வெட்டு நினைவில் நிற்கவில்லை, பள்ளிக்கூட வழியில் நடந்த அந்தப் பெண் குழந்தைதான் நின்றாள்.

மலையாளத்தில் வேறு துரோகம்

எல்லை தாண்டினால் சொல் வேறு வேலை பார்க்கிறது. வடமொழியில் 'த்ருஹ்' என்ற வேருக்குத் தீங்கு நினைத்தல் என்பதே பொருள். தமிழ் அதை நம்பிக்கையை முறிக்கும் தீங்கு என்று குறுக்கிக்கொண்டது. மலையாளம் பழைய அகலத்தை வைத்திருக்கிறது. அங்கே 'த்ரோஹிக்குக' என்றால் துன்புறுத்துவது, தொல்லை கொடுப்பது. கேரளப் பத்திரிகைகளில் தினமும் வரும் 'ஜனத்ரோஹ' கொள்கைகள் நமக்கு மக்கள் விரோதக் கொள்கைகள்.

ஒரு பெண்ணின் தன்வரலாற்றை மலையாளத்திலிருந்து பெயர்த்த ஒருவர், கணவன் அவளை த்ரோஹித்தான் என்று மூலத்தில் இருந்ததைக் "கணவன் அவளுக்குத் துரோகம் செய்தான்" என்று எழுதியிருந்தார். அடி வாங்கிய கதை, கணவனுக்கு வேறு பெண் இருந்த கதையாகிவிட்டது. இருபது பக்கம் தள்ளி அவள் மருத்துவமனையில் கிடக்கிறாள். ஏன் கிடக்கிறாள் என்று வாசகருக்குப் புரியாது. நல்லவேளை, அந்த இருபது பக்கத்தையும் ஒரே இரவில் படித்ததால் எனக்கு உறுத்தியது.

எட்டப்பனை விட்டுவிடுங்கள்

துரோகி என்பதற்கு மாற்றுச் சொல்லாக 'எட்டப்பன்' என்று எழுதுவது அழகு என்று நினைக்கிறார்கள். எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். ஒரே ஓர் ஆளின் பெயர் இல்லை. 1799-இல் அந்தப் பாளையம் கம்பெனி பக்கம் நின்றது உண்மை. ஆனால் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பிய கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அதன் பிறகுதான் அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் ஏற்கெனவே பகைப் பாளையங்கள். பகைவனால் துரோகம் செய்ய முடியாது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்ட வசை என்பதால் இன்னும் கவனம் வேண்டும். பாரதி பிறந்த ஊரும் அதுதான்.

நம்பிக்கைத் துரோகமா, நம்பிக்கை மோசடியா?

சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடியவர் மீது போலீஸ் போடுவது நம்பிக்கை மோசடி வழக்கு. முன்பு 406, இப்போது 316. உங்களிடம் ஒப்படைத்த பொருளை நீங்கள் உங்கள் பொருளாக்கிக்கொண்டால் அந்தக் குற்றம். நம்பிக்கைத் துரோகம் என்பது மனிதர் மனிதரிடம் படும் வருத்தம். அதற்குப் பிரிவு எண் கிடையாது.

மேற்கோள் குறியை உரித்துவிடுவது

ஈழத்து முதியவர் ஒருவரின் நினைவுக் குறிப்புகள் பதிப்பகத்துக்கு வந்தன. எழுபதுகளின் யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர் 'துரோகி' என்ற சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்திருந்தார். பக்கத்துக்கு நான்கைந்து வந்தன. பார்க்க அழகாக இல்லை என்று எங்கள் உதவி ஆசிரியர் அத்தனையையும் நீக்கிச் 'சுத்தம்' செய்து தந்தார்.

1975 ஜூலை 27 அன்று யாழ்ப்பாண மேயர் ஆல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்கு முன்பே அவர் மேல் துரோகி என்ற சொல் விழுந்துவிட்டது. பிறகு வந்த ஆண்டுகளில் எத்தனையோ பேர் மேல் விழுந்தது. முதியவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பிறர் சொன்னதைச் சொல்கிறார். மேற்கோள் குறி ஒவ்வொன்றும் 'இது என் தீர்ப்பு இல்லை' என்று அவர் கையை உயர்த்துவது. அதை உரித்தால், சுட்டவர்களின் வாய் அவருக்கு வந்துவிடும். நூற்றுச் சொச்சம் இடத்தில் திரும்பப் போட்டோம். இரண்டு நாள் ஆயிற்று. உதவி ஆசிரியர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். போட்டு முடித்தபோது முணுமுணுப்பு நின்றிருந்தது.

கணவன் மனைவி செய்திகளில்

இந்தச் சொல்லே வேண்டாம்.

இரண்டகம்

துரோகம் வடசொல் ஆயிற்றே, இரண்டகம் என்று எழுதலாமா என்று ஆண்டுக்கு ஒருவராவது கேட்கிறார். எழுதலாம். கதையில், கட்டுரையில், மேடையில் நன்றாகவே இருக்கும். செய்தியில் போட்டால் பாதி வாசகர்கள் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். ஆனால் புதிதாகச் செய்த சொல் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆச்சிக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. துரோகம் என்ற சொல் அவள் வாயில் நான் கேட்டதில்லை. வீட்டில் ஒரு சாம்பல் பூனை இருந்தது. தினமும் அவள் கையால் சோறு தின்னும். ஒருநாள் உறியில் வைத்த வறுத்த மீனைத் தட்டிவிட்டு, அவள் கண் முன்னாலேயே வாயில் கவ்விக்கொண்டு ஓட்டின் மேல் ஏறியது. ஆச்சி துடைப்பத்தைத் தூக்கியபடி முற்றத்தில் நின்று கத்தினாள்: "உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கிறாயே, பாவி!"

பூனைக்கு நான்காம் வேற்றுமையெல்லாம் தெரியாது. ஆச்சி சரியாகத்தான் சொன்னாள்.